மூடி போட்டாச்சு, வேலை முடிஞ்சுதா? நம்ம கோயில் லோங்காங் சொல்லும் 120 வருஷக் கதை

இது கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள். வியாழக்கிழமை சாயங்காலம் நாங்கள் ஏன் பூட்ஸ் போட்டுக்கொண்டு கோயில் பின்பக்கம் நிற்கிறோம் என்று நிறைய பேர் கேட்டுவிட்டீர்கள். பதில் சொல்ல ஆரம்பித்தால் 1901க்குப் போக வேண்டியிருக்கிறது.

முதலில் நம்ம கதை. போன வருஷம் நவராத்திரிக்கு முன்னால், கோயிலில் தேவாரம் படிக்க வரும் பிள்ளைகளில் இரண்டு பேருக்கு ஒரே வாரத்தில் டிங்கி காய்ச்சல். ஒரு பிள்ளையை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அம்மாள் புண்ணியத்தில் இரண்டு பேரும் நல்லபடியாக வீடு வந்தார்கள். ஆனால் அந்த வாரம் எங்களில் யாருக்கும் தூக்கம் இல்லை.

சுகாதார இலாகாவிலிருந்து ஆட்கள் வந்தார்கள். பூச்சட்டி, தண்ணீர்த் தொட்டி, உடைத்த தேங்காய் போடும் டிரம், விளக்கு கழுவும் இடம் எல்லாவற்றையும் பார்த்தார்கள். எங்கேயும் ஒன்றும் இல்லை. எங்களுக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட. கடைசியில் ஒருவர், பக்தர்கள் கால் கழுவும் குழாய்ப் பக்கம் நின்று, "இந்தத் தண்ணி எங்கே போகுது?" என்று கேட்டார். "கீழே லோங்காங் இருக்கு சார், நாங்க அழகா மூடிட்டோம்" என்றோம். "சரி, யார் திறப்பாங்க? எப்போ திறப்பாங்க?"

யாரிடமும் பதில் இல்லை. திறக்கவே முடியாது. சிமெண்டுப் பலகையை ஒரே வார்ப்பாக ஊற்றி, மேலே ஓடு பதித்து, நடைபாதையாக ஆக்கியிருந்தோம். கடைசி முனையில் ஒரு துண்டை உடைத்து உள்ளே டார்ச் அடித்தார்கள். தரை ஒரு இடத்தில் இறங்கிப்போய், தண்ணீர் குளம்போல் நின்றது. கால் கழுவிய தண்ணீரும் மழைத் தண்ணீரும்தான், தெளிவான தண்ணீர். கரண்டியில் அள்ளிக் காட்டினார்கள். புழு நெளிந்தது.

நாம் மூடியது தப்பா என்றால், மூடியதற்கு நல்ல காரணம் இருந்தது. அதற்கு முன்பு ஒரு பாட்டி மழை நாளில் கால் தவறி அந்த லோங்காங்கில் விழுந்து இடுப்பில் அடிபட்டது. அரச இலை, மாலை நார், வாழை இலை எல்லாம் விழுந்து அடைக்கும். சமையல்கட்டுப் பக்கம் எலி வரும். ஒரு தடவை பாம்பு வந்தது. அதனால்தான் ஒரு குடும்பம், காலமான தங்கள் தகப்பனார் நினைவாக, முழுச் செலவையும் ஏற்று உபயமாகச் செய்து கொடுத்தார்கள். பெயர்க்கல்லும் பதித்தோம். அதை உடைப்பதா என்பதுதான் அன்று ராத்திரி கூட்டத்தில் எங்கள் முன்னால் இருந்த கேள்வி.

அந்தக் கூட்டத்தில்தான், எண்பது வயதைத் தாண்டிய நம்ம தாத்தா ஒருவர் ஒரு வார்த்தை சொன்னார். "எங்கப்பா தோட்டத்துல கொசு எண்ணெய் அடிச்ச ஆளுப்பா. ஏழு நாளைக்கு ஒருக்கா ஒவ்வொரு கானையும் நடந்து பார்ப்பாரு. மழை பேஞ்சாலும் போவாரு. நீங்க மூடிட்டு மறந்துட்டீங்க." அவ்வளவுதான் சொன்னார். ஏன் ஏழு நாள் என்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை. அதைத் தேடப்போய்ப் படித்ததைத்தான் கீழே எழுதுகிறோம்.

1901, கிள்ளான்

நாம் இன்று போர்ட் கிள்ளான் என்று சொல்லும் துறைமுகம், 1972 வரை போர்ட் சுவெட்டன்ஹாம். அது திறக்கப்பட்டது 1901 செப்டம்பர் 15 அன்று. கிள்ளான் ஆற்று வாயில், அலையாத்திக் காடும் சதுப்பும் சூழ்ந்த இடம். கப்பலும் ரயிலும் வந்தன, கூலி வேலைக்கு ஆட்கள் வந்தார்கள், அதிகாரிகளுக்கு வீடு கட்டினார்கள். அடுத்த சில வாரங்களில் மலேரியா. வேலையாள், அதிகாரி என்று பாராமல் படுக்க வைத்தது. புதுத் துறைமுகத்தையே மூடிவிடலாமா என்று யோசிக்கும் அளவுக்குப் போய்விட்டது.

அப்போது கிள்ளானில் அரசாங்க மருத்துவராக இருந்தவர் மால்கம் வாட்சன். மலேரியாவைக் கொசுதான் பரப்புகிறது என்று ரொனால்ட் ரோஸ் இந்தியாவில் 1897இல் கண்டுபிடித்து நாலு வருஷம்தான் ஆகியிருந்தது. அதை நம்பாத பெரிய மனிதர்கள் அந்தக் காலத்தில் நிறைய பேர். வாட்சன் நம்பினார். ஊருக்குள் கிடந்த சதுப்பை வடிக்க வேண்டும், பள்ளத்தை நிரப்ப வேண்டும், காட்டை வெட்டி வெயில் விழ வைக்க வேண்டும் என்று கேட்டார். கிள்ளான் பட்டணத்திலும் துறைமுகத்திலும் கால்வாய் வெட்டினார்கள். அடுத்த ஒன்றிரண்டு வருஷத்திலேயே காய்ச்சல் நன்றாகக் குறைந்தது. உலக அளவில் கொசு ஒழிப்பு வேலை பலன் தந்த ஆரம்ப கால ஊர்களில் ஒன்று நம்ம கிள்ளான். நாம் அங்கே நண்டு சாப்பிடப் போகும்போது இதை யாரும் சொல்வதில்லை.

கடலோரத்துச் சதுப்பில் இருந்த மலேரியாக் கொசுவுக்கு நிழலும் தேங்கிய தண்ணீரும் வேண்டும். அதனால் திறந்த கால்வாய் வெட்டி, மரத்தை அகற்றி, வெயில் காட்டியதும் அது போய்விட்டது. அங்கே மூடி எதுவும் இல்லை. திறந்து விட்டதுதான் மருந்து.

மலையில் அதே மருந்து விஷமானது

இதைப் பார்த்து எல்லோரும் நினைத்தார்கள்: சரி, காட்டை வெட்டு, கால்வாயைத் திற, மலேரியா ஓடிவிடும். அந்தச் சமயம்தான் ரப்பர் தோட்டங்கள் மளமளவென்று வளர்ந்த காலம். சமவெளியில் ஆரம்பித்து மேட்டுக்கும் குன்றுக்கும் ஏறினார்கள். மலைக்காட்டை வெட்டி, ஓடையைச் சுத்தம் செய்தார்கள். மலேரியா குறையவில்லை. முன்பைவிட மோசமாக வந்தது.

காரணம் வேறு கொசு. மலைச்சாரலில் ஊறி ஓடும் தெளிந்த தண்ணீரில், வெயில் படும் இடத்தில் முட்டையிடும் அனோபிலிஸ் மேக்குலேட்டஸ் என்ற இனம் அது. காடு இருந்தவரை ஓடைக்கு நிழல், அதனால் அந்தக் கொசு குறைவு. காட்டை வெட்டி, ஓடையைப் பளபளவென்று வைத்ததும் அதற்கு வீடு கட்டிக் கொடுத்த மாதிரி ஆனது. கிள்ளானில் காப்பாற்றிய வேலையே மலையில் ஆளைக் கொன்றது.

யாரை என்று கேட்க வேண்டாம். லயத்தில் இருந்தது நம்ம ஆட்கள். ஒப்பந்தக் கூலி முறை 1910 வாக்கில் முடிவுக்கு வந்தது, கங்காணி முறை 1938 வரை போனது. அந்த வருஷங்களில் கப்பலில் வந்து இறங்கி, மலைத்தோட்டத்துக்கு அனுப்பப்பட்டவர்களில், ஒரே ஆண்டில் பத்தில் ஒருவருக்கு மேல் இறந்த தோட்டங்கள் இருந்தன. புதிதாக வந்தவர்களுக்குத்தான் அடி அதிகம். அவர்களுக்குக் கல்லறையும் இல்லை, பெயர்ப்பலகையும் இல்லை. நம்மில் பல கோயில்களின் ஆரம்பம் இப்படிப்பட்ட லயத்துப் பக்கத்து மரத்தடியில் நட்ட ஒரு கல்தான். காய்ச்சலுக்கு மாரியம்மாளை விட்டால் யாரை வேண்டுவது?

அங்கேதான் முதன்முதலாக "மூடு" என்ற யோசனை வருகிறது. மலையடிவாரத்தில் தண்ணீர் கசியும் வரியைக் கண்டுபிடித்து, அதை ஒட்டிப் பள்ளம் தோண்டி, சுட்ட மண் குழாய்களை ஒன்றோடொன்று சேர்த்துப் படுக்க வைத்து, மேலே கல்லும் மண்ணும் போட்டு மூடினார்கள். கசிவுத் தண்ணீர் இணைப்பு வழியாகக் குழாய்க்குள் இறங்கி, பூமிக்கு அடியிலேயே ஓடிப் போகும். வெயில் படாது, கொசு வராது. வாட்சன் இதையெல்லாம் மலாய் நாடுகளில் மலேரியா தடுப்பு பற்றி 1911இல் வெளியிட்ட புத்தகத்திலும் 1921இல் வந்த அதன் இரண்டாம் பதிப்பிலும் எழுதி வைத்தார். 1911இல் சிங்கப்பூரிலும் தெலுக் பிளாங்கா பக்கம் மலேரியா தடுப்பு வேலை ஆரம்பமானது. அவருடைய யோசனையைக் கேட்டுத்தான் செய்தார்கள்.

மூடிய குழாய் நல்ல மருந்துதான். ஆனால் அதற்கு ஒரு காவல்காரன் தேவை. வேர் புகுந்தாலோ வண்டல் அடைத்தாலோ தண்ணீர் மறுபடி மேலே கசியும். கசிந்த இடத்தில் ஒரு மாட்டுக் குளம்பு அளவு குட்டை போதும். மண்ணுக்குள் போனதால் யார் கண்ணிலும் படாது. லயத்தில் காய்ச்சல் வந்த பிறகுதான் தெரியும்.

ஏழு நாள் கணக்கு

எல்லா இடத்திலும் குழாய் புதைக்கச் செலவு அதிகம். அதனால் பல தோட்டங்களில் எண்ணெய் அடித்தார்கள். தண்ணீர் மேல் மெல்லிசாக எண்ணெய் படர்ந்தால், மூச்சு வாங்க மேலே வரும் கொசுப்புழுவுக்குக் காற்று கிடைக்காது. இந்த நாட்டு வெப்பத்தில், முட்டை பொரித்து, புழுவாகி, கூட்டுப்புழுவாகி, இறக்கை முளைத்துப் பறக்க சுமார் ஏழிலிருந்து பத்து நாள். ஏழு நாளைக்கு ஒரு தடவை ஒவ்வொரு கானுக்கும் போனால், பறப்பதற்கு முன்னால் பிடித்துவிடலாம். ஒரு வாரம் தவறினால் எல்லாம் வீண். தாத்தாவின் அப்பா மழையிலும் போனதற்கு இதுதான் காரணம். அவருக்குக் கொசுவின் ஆங்கிலப் பெயர் தெரிந்திருக்காது, நாள் கணக்கு தெரிந்திருந்தது.

தாத்தா சொன்ன மற்ற விஷயங்கள்: முதுகில் டின் பம்பு, அதில் கறுத்த எண்ணெய். சட்டையிலிருந்து அந்த வாடை போகவே போகாது. பம்பு இல்லாத நாளில் சாக்குத்துணியை எண்ணெயில் நனைத்துக் கல்லில் கட்டி ஓடையில் போட்டு வைப்பார்களாம், கொஞ்சம் கொஞ்சமாகக் கசிய. சின்னப் பையனாகத் தாத்தாவும் பின்னாலேயே போவார். அப்பா குனிந்து கானுக்குள் கையை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த இடத்துக்கு நகர்வாராம். யுத்தத்துக்குப் பிறகு டிடிடி மருந்து வந்தது. 1967இல் தீபகற்பத்தில் மலேரியா ஒழிப்புத் திட்டம் ஆரம்பித்தது. இன்று நம்ம பிள்ளைகளுக்கு மலேரியா என்றால் பாடப்புத்தகம். அது தானாக நடக்கவில்லை. யாரோ ஒருவர் வாரம் தவறாமல் குனிந்தார்.

பட்டணத்து லோங்காங் ஏன் திறந்தே இருந்தது

பட்டணத்துக் கதை வேறு. ரேஃபிள்ஸ் 1822இல் சிங்கப்பூருக்குப் போட்ட திட்டத்தில் கடைவீட்டுக்கு முன்னால் கூரை போட்ட நடைபாதை வேண்டும் என்றார். அதுதான் ஐந்தடி நடைபாதை, காக்கி லீமா. பிறகு மலாயாப் பட்டணங்களுக்கும் அதே வழக்கம் வந்தது. நடைபாதைக்கும் தெருவுக்கும் நடுவில் லோங்காங். கோலாலம்பூர் 1881இல் ஒரே வருஷத்தில் தீயிலும் வெள்ளத்திலும் அழிந்து, பிறகு செங்கல்லும் ஓடுமாக மறுபடி எழுந்த ஊர். அங்கே சுகாதார வாரியம் 1890இல் வந்தது. குப்பை, கால்வாய், கக்கூஸ், சந்தை எல்லாம் அதன் பொறுப்பு.

அந்த லோங்காங்குகளை ஏன் மூடவில்லை? இரண்டு காரணம். ஒன்று மழை. தீபகற்பத்தில் ஆண்டுக்குச் சராசரியாக 2,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது, அதுவும் சாயங்காலம் ஒரு மணி நேரத்தில் கொட்டித் தீர்க்கும். அந்த வேகத்துக்குத் திறந்த ஆழமான கான்தான் தாங்கும். இரண்டாவது, பெருக்க வேண்டும். தினமும் காலையில் நீளமான துடைப்பத்தோடு ஒருவர் கானில் இறங்கி, மண்ணையும் குப்பையையும் தள்ளிக்கொண்டே போவார். மூடியிருந்தால் அவரால் பெருக்க முடியாது. அந்தத் துடைப்பம் பிடித்தவர்களிலும் பெரும்பாலோர் தமிழர்கள், தெலுங்கர்கள். அவர்களை எப்படிப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள், கோயிலில் எங்கே நிற்க வைத்தார்கள் என்பதும் நம்ம சரித்திரம்தான். கான் சுத்தம் செய்வது தாழ்ந்த வேலை என்ற நினைப்பு நம்மிடம் இன்னும் இருக்கிறது. கூட்டத்தில் ஒருவர், "நாம போயி லோங்காங்ல கைய விடறதா?" என்று கேட்டபோது எங்களுக்கே அது உறைத்தது.

மூடி புதுசும் இல்லை

மூடியோடு கட்டுவதும் பழைய வித்தைதான். 4,000 வருஷத்துக்கு முந்திய மொகஞ்சதாரோவில் தெருவோரக் கால்வாய்களைச் செங்கல்லாலும் கல்லாலும் மூடியிருந்தார்கள். வண்டல் தங்க இடையிடையே குழியும் வைத்திருந்தார்கள், எடுத்துச் சுத்தம் செய்ய. கீழடியிலும் திறந்த கால்வாய், மூடிய கால்வாய், சுட்ட மண் குழாய் என்று பல விதமாகக் கிடைத்திருக்கிறது. நாங்கள் இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. மொகஞ்சதாரோக்காரன் மூடியைத் தூக்கிச் சுத்தம் செய்ய வழி வைத்தான். நாங்கள் ஓடு பதித்து அடைத்துவிட்டோம்.

தாமான் காலம்

தோட்டம் துண்டாடப்பட்டு, நம்ம ஆட்கள் தாமானுக்கு வந்த பிறகு லோங்காங் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது. வரிசை வீடுகளில் முன்னால் ஒன்று, பின்சந்தில் ஒன்று. 1974இல் சாலை, வடிகால், கட்டடச் சட்டம் வந்தது. 1975இல் நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் சட்டம் வந்தது. வீட்டு வளாகத்தில் கொசுப்புழு இருந்தால் 500 ரிங்கிட் கம்பவுண்ட் என்று நாம் கேள்விப்படுவது இந்தச் சட்டத்தின் கீழ்தான்.

ஏன் 1975? டிங்கி. பினாங்கில் இருபதாம் நூற்றாண்டு ஆரம்பத்திலேயே டிங்கியைப் பதிவு செய்திருக்கிறார்கள். ஆனால் இரத்தக்கசிவோடு வரும் கடுமையான வகை 1962இல் அதே பினாங்கில் தெரிய வந்தது. 1970களில் நாடு முழுக்கப் பரவியது. இதைப் பரப்பும் ஏடிஸ் கொசு வேறு குணம். சாக்கடை நாற்றத்தில் வளர்வது கியூலெக்ஸ், ராத்திரி காதில் பாடுவது. ஏடிஸ் தெளிந்த, நிற்கும் தண்ணீரைத் தேடும், பகலில் கடிக்கும். அதன் முட்டை காய்ந்த சுவரில் மாதக்கணக்கில் உயிரோடு இருந்து, தண்ணீர் பட்டதும் பொரிக்கும். "எங்க லோங்காங்ல சாக்கடைத் தண்ணி இல்ல, நல்ல தண்ணிதான்" என்று நாம் சொல்லும் சமாதானம் ஏடிஸுக்குக் கல்யாணப் பத்திரிகை.

இதே காலத்தில் வீட்டு லோங்காங்கை மூடும் பழக்கமும் வந்தது. கார் நிறுத்த, சமையலறையைப் பின்னால் இழுத்துக் கட்ட, பிள்ளை விழாமல் இருக்க, எலி, பாம்பு, கரப்பான் வராமல் இருக்க. எல்லாமே நியாயம். (மன்றத்துக்குச் சொந்தமான பொதுக் கானின் மேல் கட்டுவதற்கு அனுமதி வேண்டும், அது தனி.) சிக்கல் மூடியில் இல்லை. மூடியதும் அந்த இடம் நம் மனசிலிருந்தே போய்விடுவதில்தான்.

பெரிய ஊர்களுக்கும் இது நடக்கும். சிங்கப்பூர் ஆர்ச்சர்ட் ரோட்டில் இன்று கடைத்தெருவாக நடக்கும் இடத்துக்குக் கீழே ஸ்டாம்ஃபோர்ட் கால்வாய் ஓடுகிறது. 1970களில் அதை மூடி, மேலே நடைபாதை ஆக்கினார்கள். 2010 ஜூன் 16 அன்று இரண்டு மணி நேரத்தில் சுமார் 100 மில்லிமீட்டர் மழை. ஆர்ச்சர்ட் ரோடே வெள்ளத்தில் நின்றது. பிறகு பார்த்ததில், பூமிக்கடியில் கால்வாயின் ஒரு மதகில் குப்பை அடைத்திருந்தது. அவ்வளவு ஒழுங்கான ஊரில், அவ்வளவு பணக்காரத் தெருவில், மூடியதற்குக் கீழே இருந்தது கண்ணில் படவில்லை. நம்ம பின்பக்கத்து 12 மீட்டர் லோங்காங்கை நாங்கள் மறந்தது அதிசயம் இல்லை.

எலி விஷயம்

கோயில் லோங்காங்குக்கு இன்னொரு சங்கடம் உண்டு. கருவறையிலிருந்து கோமுகி வழியாக வரும் அபிஷேகத் தீர்த்தத்தில் பாலும் தேனும் பஞ்சாமிர்தமும் கலந்திருக்கும். அன்னதான நாளில் சோற்றுக் கஞ்சி, பருப்பு, எண்ணெய் வேறு. எலிக்கு இதைவிட விருந்து இல்லை. மூடிய கான் அதற்கு இருட்டான, பத்திரமான ராஜபாட்டை. கட்டைவிரல் அளவு ஓட்டை இருந்தால் உள்ளே போய்விடும்.

எலி மூத்திரம் கலந்த தண்ணீர் காலில் இருக்கும் சின்ன வெட்டுக்காயம் வழியாக உடம்புக்குள் போனால் எலிக்காய்ச்சல் வரும். நம்ம நாட்டில் இந்த நோயைக் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் 1920களிலேயே கண்டறிந்திருக்கிறார்கள். உயிரையே எடுக்கும். கோத்தோங் ரோயோங் என்று சொல்லி நாங்கள் எத்தனை தடவை செருப்புக் காலோடு கானில் இறங்கியிருக்கிறோம்! இனி யாரும் அப்படி இறங்கக் கூடாது. முழங்கால் வரை பூட்ஸ், கையுறை, முடிந்ததும் சோப்புப் போட்டுக் குளியல். காயம் இருப்பவர்கள் அந்த வாரம் வர வேண்டாம், பூ கட்டுங்கள்.

உடைத்தோம்

கூட்டத்துக்குத் திரும்புவோம். புகை அடித்தால் போதும் என்று சிலர். புகை பறக்கும் கொசுவைத்தான் கொல்லும், பலகைக்கு அடியில் இருக்கும் புழுவுக்கு ஒன்றும் ஆகாது. உபயக் கல்லை உடைத்தால் பாவம், அந்தக் குடும்பம் கோயிலுக்கே வராமல் போய்விடும் என்று சிலர். அதுதான் எங்களுக்கு உண்மையான பயம். கடைசியில் நாங்கள் மூன்று பேர் அவர்கள் வீட்டுக்குப் போனோம். தட்டில் பழம் வைத்து, தயங்கித் தயங்கிச் சொன்னோம். அந்த அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அவரு பேரு இருக்கற கல்லுக்கு அடியில இருந்து ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்துச்சுன்னு எனக்கு ஏன்டா முதல்லயே சொல்லல? உடைங்க" என்றார். வேறு ஒன்றும் இல்லை.

பழைய பலகை எவ்வளவு கனம் என்று கணக்குப் போட்டுப் பார்த்தோம். மூன்று மீட்டர் நீளம், 60 சென்டிமீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் தடிப்பு. ஒரு கன மீட்டர் சிமெண்டு வார்ப்பு சுமார் 2,400 கிலோ. அப்படியானால் ஒரு துண்டு 430 கிலோவுக்கு மேல். நாலு ஆள் சேர்ந்தாலும் அசையாது. அசையாத மூடியை யார் வாரம் ஒரு தடவை திறப்பது?

இப்போது செய்திருப்பது இதுதான்:

1. தரையை உடைத்து மறுபடி சாய்வு எடுத்தோம். ஒரு வாளி தண்ணீர் ஊற்றினால் கடைசி வரை ஓட வேண்டும், எங்கேயும் நிற்கக் கூடாது. ஓடாத கானுக்கு எந்த மூடியும் பிரயோசனம் இல்லை. இது முதல் வேலை.

2. மூடியைச் சின்னத் துண்டுகளாகச் செய்தோம். 60க்கு 45 சென்டிமீட்டர், 5 சென்டிமீட்டர் தடிப்பு, சுமார் 32 கிலோ. கைப்பிடிக் கம்பியோடு. இரண்டு பேர் தூக்கலாம். வீட்டில் கார் ஏறும் இடத்துக்கு இந்தத் தடிப்பு தாங்காது, கொத்தனாரிடம் கேட்டுச் செய்யுங்கள்.

3. தண்ணீர் விழும் இடங்களில் மட்டும் இரும்புக் கம்பித் தட்டி, அதற்கு அடியில் துருப்பிடிக்காத சன்னமான வலை. இலையும் பூவும் மேலேயே தங்கிவிடும், கையால் அள்ளலாம். இரும்பைப் பழைய இரும்புக்குத் திருடிப் போகிறார்கள் என்பதால் சங்கிலி போட்டுப் பூட்டியிருக்கிறோம். சாவி அலுவலகத்தில்.

4. சமையல்கட்டுக் கான் சேரும் இடத்தில் சோறு, வண்டல் தங்க ஒரு குழி. தினமும் அன்னதானம் முடிந்ததும் அள்ள வேண்டும். வெளியே போகும் வாயில் எலி ஏறாத தட்டி.

5. வியாழக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு எல்லா மூடியையும் திறக்கிறோம். தள்ளி, கழுவி, டார்ச் அடித்துப் பார்த்து, நோட்டில் கையெழுத்துப் போட்டு, மூடுகிறோம். வெள்ளிக்கிழமை பூஜைக்கு முன் முடிந்துவிடும். ஏழு நாளுக்கு ஒரு தடவை. இந்தக் கணக்கு யாருடையது என்று இப்போது உங்களுக்குத் தெரியும்.

பெயர்க்கல்லை அந்த அம்மாவின் சம்மதத்தோடு எடுத்து, கால் கழுவும் குழாய்ச் சுவரில் பதித்திருக்கிறோம். அவருடைய மகன்தான் இப்போது வியாழக்கிழமை நோட்டுக்குப் பொறுப்பு.

முதல் வியாழன் தாத்தாவும் வந்தார். நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். எல்லாம் கழுவி மூடப் போன சமயம், "அந்த மூணாவதை இன்னொரு தடவை தூக்கு" என்றார். தூக்கினோம். ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் கப் சிக்கியிருந்தது, அதில் கொஞ்சம் தண்ணீர். நாலு பேர் டார்ச் அடித்துப் பார்த்த இடம்.

ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறோம். இந்த வாரம் உங்கள் வீட்டு முன் கானையும் பின்சந்துக் கானையும் ஒரு தடவை பாருங்கள். மூடியிருந்தால் தூக்கிப் பாருங்கள். தூக்க முடியாவிட்டால், அதை முதலில் சரி செய்யுங்கள். தனியாக இருக்கும் வயசானவர்கள் சொல்லி அனுப்பினால் நம்ம பையன்கள் வந்து தூக்கிக் கொடுப்பார்கள், வெள்ளி எதுவும் வேண்டாம். வியாழக்கிழமைக்கு இன்னும் நாலு ஆள் தேவை. பூட்ஸ் நாங்கள் தருகிறோம்.

கானில் எண்ணெய் அடித்தவர்கள், குழாய் புதைத்தவர்கள், துடைப்பம் பிடித்தவர்கள், அந்தக் காய்ச்சலில் போனவர்கள், பெயர் தெரியாத அத்தனை பேரையும் நினைத்து இந்த வெள்ளிக்கிழமை ஒரு விளக்கு ஏற்றுகிறோம். முடிந்தவர்கள் வாருங்கள்.

அம்மாள் துணை 🙏